கறையான் இல்லாத கூடு

எங்கள் லேபில் பழைய பதிவேடு ஒன்று இருக்கிறது. அதில் ஒரு பக்கத்தில் என் பெயருக்கு நேராகச் சிவப்பு மையில் மூன்று வரிகள் இருக்கும். மூன்றும் ஒரே வாசகம்தான், ஆங்கிலத்தில் எழுதியது. தமிழில் சொன்னால், "மாசு. கையாண்டவர் தவறு." கையாண்டவர் பெயர் என்ற கட்டத்தில் மூன்று முறையும் கோவிந்தம்மா.

போன வாரம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த இரண்டு பெண்கள் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டார்கள். ஒருத்தி மற்றவளை இடித்தாள். இருவரும் என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் பதிவேட்டை மூடி வைத்தார்கள். கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பேன். கேட்காததால் எழுதுகிறேன். லேபில் சந்தேகத்தைக் கேட்காமல் விடுவது நல்ல பழக்கம் அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

விரல் ரேகை

நான் பிறந்தது ஜவ்வாது மலையில், நெல்லிவாசல் நாட்டில்; மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம். சாமையும் கேழ்வரகும் விதைக்கிற குடும்பம். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். எட்டாவது வரை மலையிலேயே படித்தேன். பிறகு ஆலங்காயத்தில் ஹாஸ்டலில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன். எங்கள் ஊரிலிருந்து இறங்கி வந்து அந்தப் பரீட்சையில் தேறிய முதல் பெண்ணும் நான்தான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆலங்காயத்தில் ஒரு மண் ஆய்வுத் திட்டம் நடந்தது. ரோட்டோரம் இரண்டு அறை வாடகைக் கட்டடம். ஒரு அறையில் பாட்டில்கள், கழுவும் தொட்டி, கண்ணாடிச் சாமான்களை ஆவியில் வேகவைக்கும் ஆட்டோகிளேவ். இன்னொன்று கல்ச்சர் ரூம். ஜன்னலை அடைத்து, மேசைமேல் ஸ்பிரிட் விளக்கு ஏற்றி, மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களைத் தனியே பிரித்து வளர்க்கிற இடம் அது.

திட்டத்தின் கேள்வி எளிது. அடிவாரத்து விவசாயிகள் சிலர் கறையான் விட்டுப்போன புற்றின் மண்ணை வெட்டிக் கொண்டுபோய் நிலத்தில் கொட்டுகிறார்கள். புற்று மண்ணில் வாழும் பாக்டீரியாவும் பூசணமும் பத்தடி தள்ளியுள்ள நிலத்து மண்ணில் வாழ்பவற்றிலிருந்து வேறா? வேறென்றால், அப்படி வேறாக்கியது யார்?

இதற்கு மலை ஏறி மண் எடுத்துவர ஒரு ஆள் தேவைப்பட்டது. திட்டத்தின் தலைவர் ரகுநாதன் சார் திருப்பத்தூர் அலுவலகத்தில் இருந்தார். வெள்ளிக்கிழமை மட்டும் பஸ்ஸில் ஆலங்காயம் வருவார். என் சர்டிபிகேட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"மலையில எவ்வளவு தூரம் நடப்பே?"

"எவ்ளோ தூரம்னாலும் நடப்பேன் சார். லேபுலயும் நிப்பேன்."

"லேப்ல நிக்கணும்னு உனக்கு யாரும்மா சொன்னது?"

"ஆள் வேணும்னு ஒட்டின பேப்பர்ல லேப் உதவியாளர்னு போட்டிருக்குது சார்."

சார் சிரிக்கவில்லை. ஆறு மாதம் டெம்பரரி என்றார். முடிவில் கல்ச்சர் ரூமில் வேலை செய்யத் தகுதி உண்டு என்று அவர் எழுதினால் நான் லேப் உதவியாளர். எழுதாவிட்டால் பாட்டில் கழுவும் வேலை, அதுவும் ஆள் தேவைப்பட்டால். எனக்கு அந்த விளக்கு எரிகிற மேசை வேண்டும். அதற்காகத்தான் மலையிலிருந்து இறங்கினேன்.

லேப் டெக்னீஷியன் ஜாபர் பாய் வாணியம்பாடிக்காரர். எனக்கு வேலை பழக்கியவர் அவர்தான். முதல் நாளே, "கைய நல்லா கழுவிக்கினு வாம்மா," என்றார். கழுவினேன். பெட்ரி டிஷ் என்கிற வட்டக் கண்ணாடித் தட்டு ஒன்றை நீட்டினார். ஆறிய கஞ்சி போல உறைந்திருக்கும் அகார்மேல் ஐந்து விரல்களையும் லேசாக ஒற்றச் சொன்னார். மூடி, இளஞ்சூட்டில் வைக்கும் பெட்டியான இன்குபேட்டரில் வைத்தார். மூன்றாம் நாள் வெளியே எடுத்தால், என் விரல் பட்ட ஐந்து இடத்திலும் மஞ்சளும் வெள்ளையுமாகப் புள்ளிகள், ஓரத்தில் பச்சைப் பூசணம். நான் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"பயப்படாத. என் வெரல வெச்சாலும் இப்டித்தான். கலெக்டர் வெரல வெச்சாலும் இப்டித்தான்," என்றார் பாய்.

அன்று வெள்ளிக்கிழமை. உள்ளே வந்த சார் டிஷ்ஷை எட்டிப் பார்த்தார். "என்னம்மா, மலையையே கையில கொண்டு வந்துட்டியா?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஹாஸ்டலில் முதல் வருடம் என் தட்டைத் தனியாகக் கவிழ்த்து வைத்தவர்களும் விளையாட்டாகத்தான் வைத்தார்கள். அன்றிலிருந்து மூன்று முறை கை கழுவினேன். நகத்தை ஒட்ட வெட்டினேன். இந்த லேபிலேயே சுத்தமான ஆள் கோவிந்தம்மா என்று பெயர் எடுத்துக் காட்டுவது என்று முடிவு செய்தேன். பின்னால் வந்த எல்லாத் தொல்லையும் அந்த முடிவிலிருந்து வந்ததுதான்.

முறம்

மலையில் புற்றை வெட்ட யாரும் எளிதில் விடமாட்டார்கள். பெரும்பாலான புற்றுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துக் கும்பிடுவார்கள். எங்கள் நிலத்தின் மேல் ஓரத்தில் இருந்த ஒரு புற்றுக்கு மட்டும் அந்த வழக்கம் இல்லை. என் அப்பாவிடம் கேட்டேன். அவரை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா புற்றை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"உச்சிய ஒடைக்காத. பக்கத்துல குடைஞ்சி எடுத்துக்கோ. எடுத்த பெறவு ஈர மண்ண வெச்சி மூடிடு. அதுங்க குடித்தனம் பண்ற எடம்."

கடப்பாரையால் பக்கவாட்டில் குடைந்தேன். முழங்கை ஆழத்தில் ஓர் அறை தட்டுப்பட்டது. உள்ளே தேங்காய் அளவில், பழுப்பு நிறத்தில், மடிப்பு மடிப்பாக ஒரு கூடு. கையில் எடுத்தால் கனமே இல்லை. சருகையும் செத்தையையும் தின்று, அந்த எச்சத்தைக் கொண்டு கறையான்கள் கட்டுகிற கூடு அது. அதன்மேல் ஒரே ஒரு வகைக் காளானை வளர்த்து, அதைத் தின்று வாழ்கின்றன. மழைக்குப் புற்றைப் பிளந்துகொண்டு வருமே புற்றுக்காளான், அது கிளம்புவது இங்கிருந்துதான். கூட்டின்மேல் சாமை அரிசியை இறைத்தது போல வெள்ளை முத்துகள். லேபில் இதற்கு ஆங்கிலப் பெயர் இருந்தது. நான் என் நோட்டில் காளான்கூடு என்று எழுதிக்கொண்டேன்.

சார் கேட்டது இரண்டு சாம்பிள். ஒன்று அந்த அறையின் சுவர் மண். இன்னொன்று காளான்கூடு. "சாம்பிள் சுத்தமா இருக்கணும்," என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

எனக்குத் தெரிந்த சுத்தம் ஒன்றுதான். சாமையில் ஓர் எறும்பு ஓடினாலும் எங்கள் வீட்டில் அதைச் சுத்தம் என்று சொல்லமாட்டோம். புடைத்து, நேம்பி, கல்லும் பூச்சியும் போன பிறகுதான் அது உலைக்குப் போகும். இந்தக் கூட்டிலோ மடிப்புக்கு மடிப்பு கறையான் மொய்த்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அம்மா வாசலில் இருந்தாள்.

"இன்னாடி இது, ஈசல் புடைக்கற மாசமா இது?"

"ஈசல் இல்லம்மா. இதுல கீற கறையான் எல்லாம் போவணும். ஒண்ணுகூட இருக்கக் கூடாது."

அம்மா முறத்தை எடுத்தாள். ஈசலில் இறகை மட்டும் பறக்கவிட்டு உடம்பை முறத்தில் நிறுத்துகிற கை அது. கூட்டை முறத்தில் வைத்து ஓரத்தைத் தட்டத் தட்டக் கறையான்கள் உதிர்ந்தன. கோழிகள் எங்கிருந்தோ ஓடிவந்தன. மடிப்புக்குள் ஒளிந்தவற்றை, லேபிலிருந்து ஸ்பிரிட்டில் நனைத்து உலர்த்திக் கொண்டுபோயிருந்த மெல்லிய பிரஷ்ஷால் நான் துடைத்து எடுத்தேன்.

"எப்டி கீது பாரு," என்றாள் அம்மா. "உங்க ஆபீசருகிட்ட சொல்லு, எங்கம்மா கைவேலைன்னு."

கூட்டை மூடி போட்ட கண்ணாடி ஜாடியில் வைத்து, நடந்து, பிறகு ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து, திங்கட்கிழமை சாயங்காலம் ஆலங்காயம் சேர்ந்தேன். காளான்கூட்டைத் தானே திறந்து கையாள வேண்டும் என்று சார் சொல்லியிருந்ததால் ஜாடி வெள்ளிக்கிழமை வரை கல்ச்சர் ரூம் அலமாரியில் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஜாடிக்குள் பழுப்பு நிறமே தெரியவில்லை. கூடு முழுக்கப் பூனை மயிர் போல வெள்ளைப் பூசணம். அங்கங்கே சாம்பல் நிறத்தில் சிறு குச்சிகள் நீட்டிக்கொண்டிருந்தன.

"இது என்ன?" என்றார் சார். "காளான்கூட்டுல ஒரு வகைதான் இருக்கணும். இதுல ஊர்ல உள்ள பூசணம் எல்லாம் இருக்கு. எதுல தொட்டே?"

"கழுவின கையிலதான் சார். பிரஷ்ஷும் ஸ்பிரிட்ல போட்டதுதான்."

"கழுவினா இப்படி வராதும்மா."

சிவப்புப் பேனாவை எடுத்தார். அது முதல் வரி.

இன்னும் சுத்தம்

அடுத்த முறை எங்கும் பிசகக் கூடாது என்று போனேன். முறத்தின்மேல் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி வெயிலில் காயவைத்தேன். அம்மாவையும் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவ வைத்தேன்.

"என் கல்யாணத்துக்குக்கூட நா இவ்ளோ கழுவினதில்லடி," என்றாள். ஆனாலும் கழுவினாள்.

லேபிலிருந்து லென்ஸ் கொண்டுபோயிருந்தேன். கூட்டின் ஒவ்வொரு மடிப்பையும் வெளிச்சத்தில் பிடித்து, கறையான் குஞ்சுவரை விடாமல் எடுத்தோம். அதற்கே பாதி நாள் ஆனது. அந்தக் கூட்டைவிடச் சுத்தமான ஒன்று அன்று நெல்லிவாசல் நாட்டிலேயே இருந்திருக்காது.

வெள்ளிக்கிழமை பார்த்தால், பூசணம் முதல் தடவையைவிட அதிகம். இரண்டாவது வரி விழுந்தது.

சார் போன பிறகு ஜாபர் பாய் எல்லாவற்றையும் தனித்தனியாகச் சோதித்தார். ஜாடியை அகாரில் ஒற்றிப் பார்த்தார். பிரஷ்ஷை ஒற்றிப் பார்த்தார். இரண்டு நாள் கழித்தும் ஒன்றும் முளைக்கவில்லை.

"ஜாடி சரியாத்தான் கீது. பிரஷ்ஷும் சரி," என்றார். "நீ கழுவற கழுவுக்குக் கைரேகையே அழிஞ்சிடும். பின்ன இது எங்கேர்ந்துதான் வருது?"

"அப்ப நாந்தான் சரியில்லையா பாய்?"

"நா அப்டியா சொன்னேன்?"

சொல்லவில்லை. மிச்சம் இருந்தது அது ஒன்றுதான் என்பது இருவருக்கும் தெரியும்.

பிஸ்கட் டின்

மூன்றாவது முறை மழை பிடித்துக்கொண்டது. இந்த முறை ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும் என்று புற்றிலிருந்து இரண்டு கூடுகள் எடுத்திருந்தேன். முதல் கூட்டை வீட்டுக்குள் வைத்து அம்மாவும் நானும் துடைத்து முடிப்பதற்குள் ஜீப் போகும் நேரம் வந்துவிட்டது. இரண்டாவதைத் தொடக்கூட நேரமில்லை. சுற்றியிருந்த ஈர மண்ணோடு, கறையானோடு, சேறு பிடித்த கையால் அப்படியே அள்ளி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, மூடியில் ஆணியால் நாலு ஓட்டை குத்தி எடுத்துவந்தேன். லேபுக்கு வந்ததும் எனக்கே வெட்கமாகிவிட்டது. இந்த அலங்கோலத்தைச் சாரிடம் எப்படிக் காட்டுவது? கழுவும் தொட்டிக்குக் கீழே தள்ளினேன். மறந்தும்விட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஜாடியைப் பார்த்தபோது சார் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. மூன்றாவது வரியை எழுதி, மை உலரும் வரை காத்திருந்தார்.

"ஒண்ணாந் தேதியிலேர்ந்து நீ பாட்டில் பக்கம் போயிடும்மா. மலைக்கு வேற ஆள் பாத்துக்கறேன். உன்மேல எனக்குக் கோவம் இல்ல. இந்த வேலைக்குன்னு ஒரு கை வேணும். எல்லாருக்கும் அது அமையாது."

பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார்.

நான் அழவில்லை. தொட்டியில் கிடந்த பாட்டில்களைக் கழுவத் தொடங்கினேன். காலில் டின் இடறியது. கொட்டிவிட்டு டின்னையும் கழுவலாம் என்று திறந்தேன்.

உள்ளே கூடு நான் எடுத்தபோது இருந்தபடியே இருந்தது. அதே பழுப்பு, அதே வெள்ளை முத்து. பூசணத்தின் புழுங்கல் வாடையே இல்லை, மழை பெய்த மண் வாசனைதான் வந்தது. நான் உடைத்த இடத்தையெல்லாம் கறையான்கள் மண் வைத்துப் பூசிக்கொண்டிருந்தன.

"பாய்!" என்று கத்தினேன். ஜாபர் பாய் ஓடிவந்து டின்னுக்குள் பார்த்தார். பிறகு மேசைமேல் இருந்த ஜாடியைப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே புத்தா?"

"ஒரே புத்து, ஒரே நாளு. இத சேறு புடிச்ச கையால அள்ளிப் போட்டேன் பாய். ஜாடியில இருக்கறதுலதான் ஒரு கறையான்கூட இல்ல."

"பஸ்சு எடுக்க இன்னும் அஞ்சு நிமிசம் கீது," என்றார் பாய். "ஓடு."

ஒரு கையில் டின், ஒரு கையில் ஜாடி. திருப்பத்தூர் பஸ்ஸின் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. சார் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஏறி அவர் மடிமேலேயே டின்னை வைத்தேன்.

"இன்னாம்மா டின்னுல, ஈசலா? வறுத்ததா பச்சையா?" என்றார் பின்சீட்டில் இருந்த பெரியவர்.

"ஏர்றியா, எறங்கறியா?" என்றார் கண்டக்டர்.

"சார், இது துடைக்காதது. இது துடைச்சது," என்றேன். மூச்சு வாங்கியது. "பூசணத்த என் கை கொண்டு வர்ல சார். அது முன்னயே கூட்டுல இருக்குது. கறையான்தான் அத வளர வுடாம வெச்சிக்கினு இருந்துது. நா அதுங்கள தொரத்திட்டேன்."

சார் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார்.

"ஒரு டின்ன வெச்சி ஒண்ணும் சொல்ல முடியாதும்மா."

"சரிங்க சார். எத்தினி வேணும்னு சொல்லுங்க."

அவர் முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தார். "ஆறு. மூணு கறையானோட, மூணு இல்லாம. எல்லாம் ஒரே புத்து, ஒரே நாள்."

"கொண்டு வர்றேன். ஆனா மூணயும் நா துடைக்க மாட்டேன் சார். ஒண்ணு நானு, ஒண்ணு ஜாபர் பாய், ஒண்ணு நீங்க."

பின்சீட்டுப் பெரியவர், "கேக்குது பாரு பொண்ணு," என்றார்.

"செவ்வாய்க்கிழமை வர்றேன்," என்றார் சார்.

விசில் ஊதிவிட்டது. டின்னையும் ஜாடியையும் எடுத்துக்கொண்டு ரைஸ்மில் தாண்டித்தான் இறங்கினேன்.

மூட்டை

சாயங்காலம் லேபில் இன்னொன்று செய்து பார்த்தேன். ஜாடியிலிருந்து பூசணம் பிடித்த ஒரு துண்டை, கட்டைவிரல் நகம் அளவு கிள்ளி, டின்னுக்குள் கூட்டின்மேல் வைத்தேன். காலையில் திறந்தால் அந்தத் துண்டைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் ஈர மண்ணால் பூசிய ஓர் உருண்டை இருந்தது. ஊசியால் கீறிப் பார்த்தேன். பூசணத் துண்டு உள்ளே புதைந்து கிடந்தது.

"மூட்ட கட்டி ஓரமா வெச்சிட்டாங்களே!" என்றார் ஜாபர் பாய். "முனிசிபாலிட்டி ஆளுங்களவிட சுறுசுறுப்பா கீறாங்க."

அந்தப் பூசணத் துண்டையும் மண் உருண்டையையும் நோட்டில் படம் வரைந்து வைத்தேன். பிறகு மலைக்குக் கிளம்பினேன்.

நைனா இந்த முறை யோசித்தார். "மூணு தபா குடைஞ்சாச்சு. ஒரு புத்து எத்தினி தபாதான் தாங்கும்?" போய்ப் பார்த்தோம். நாங்கள் மூடிய இடங்களின்மேல் கறையான்கள் தாங்களே புது மண் வைத்துப் பூசி முடித்திருந்தன. நைனா அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எடுத்துக்கோ. இதோட வுட்டுடு," என்றார். சரி என்றேன்.

வீட்டில் அம்மா முறத்தோடு தயாராக நின்றாள்.

"வேணாம்மா. இந்த தபா புடைக்கக் கூடாது."

"ஏன், நா புடைச்சது செரியில்லையா?"

"செரியாத்தான் புடைச்சே. அதான் தப்பாயிடுச்சி."

"இன்னாடி படிப்பு இது? செரியா செஞ்சா தப்பாமா?" என்று முறத்தைச் சுவரில் சாத்தினாள். கோழிகள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போயின.

மூன்று காளான்கூடுகள் எடுத்தேன். மண்ணோடும் கறையானோடும் டின்களில் ஆலங்காயம் வந்து சேர்ந்தேன். அவற்றை லேபில் வைத்து இரண்டிரண்டாகப் பிளப்பது என்பது என் ஏற்பாடு. ஒரு பாதி கறையானோடு, மறு பாதி கறையான் இல்லாமல்.

சார் துடைத்த ஜாடி

செவ்வாய்க்கிழமை சார் சொன்னபடி வந்தார். முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக் கையைக் கழுவினார். ஸ்பிரிட்டில் துடைத்தார். விளக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆட்டோகிளேவிலிருந்து வந்த புதுப் பிரஷ்ஷால் தன் பங்குக் கூட்டைத் துடைத்தார். நல்ல கை அது. பிரஷ் ஒரு முத்தைக்கூட உதிர்க்கவில்லை. அவர் துடைக்கும்போது பேசவில்லை, எங்களையும் பேசவிடவில்லை. பிறகு ஜாபர் பாய் ஒன்று துடைத்தார். கடைசியில் நான்.

ஆறு ஜாடிகள். ஒவ்வொன்றின் மூடியிலும் காகிதம் ஒட்டிச் சார் கையெழுத்துப் போட்டார். காகிதம் கிழியாமல் யாரும் திறக்க முடியாது. ஆறும் ஒரே அலமாரி, ஒரே தட்டு. அன்றிலிருந்து வெள்ளிவரை நான் அந்த அலமாரிப் பக்கமே போகவில்லை. என் மூச்சுக்காற்று பட்டது என்றுகூட ஒருவர் சொல்லக் கூடாது.

வெள்ளிக்கிழமை சார் தானே அலமாரியைத் திறந்தார். ஆறையும் மேசைமேல் வரிசையாக வைத்தார். கறையான் இருந்த மூன்றும் பழுப்பாக, சுத்தமாக இருந்தன. கறையான் இல்லாத மூன்றும் வெளுத்துவிட்டன. என்னுடையது, பாயுடையது, சாருடையது என்று வித்தியாசமே தெரியவில்லை. மூடியில் இருந்த கையெழுத்தைப் படித்துத்தான் யாருடையது என்று சொல்ல முடிந்தது.

சார் தன் ஜாடியைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"கைய நல்லாத்தானே கழுவினேன்," என்றார்.

"கழுவினீங்க சார். நாங்க பாத்தோமே," என்றார் ஜாபர் பாய், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

சார் பதிவேட்டைத் திறந்து, சிவப்புப் பேனாவால் என் மூன்று வரிகளை அடிக்கப் போனார்.

"அடிக்காதீங்க சார்," என்றேன்.

"ஏம்மா? இது தப்புன்னு இப்பத் தெரிஞ்சிடுச்சே."

"அடிச்சிட்டா யாரோ பாவம் பாத்து அடிச்ச மாதிரி இருக்கும். அது அப்டியே இருக்கட்டும். இன்னிக்கு நடந்ததயும் அதே மையில எழுதுங்க. யார் துடைச்சதுன்னும் எழுதுங்க."

அவர் பேனாவை மூடவில்லை. அப்படியே பக்கத்தைத் திருப்பி எழுதினார். எழுதி முடித்ததும் என் பக்கம் தள்ளி, சரிதானா என்று கேட்டார். படித்துப் பார்த்துச் சரி என்றேன்.

பிறகு

ஒண்ணாந் தேதி நான் பாட்டில் பக்கம் போகவில்லை. கல்ச்சர் ரூமில் விளக்குக்கு இடதுபுறம் உள்ள நாற்காலி அன்றிலிருந்து என்னுடையது. ஆறு மாதம் முடிந்ததும் சார் எழுத வேண்டியதை எழுதினார்.

திட்டத்தின் வேலையும் மாறியது. அதுவரை நிலத்து மண், புற்று மண் என்று இரண்டுதான் எடுத்தோம். பிறகு கறையான் விட்டுப்போன பழைய புற்றின் மண்ணையும் சேர்த்து மூன்றாக எடுத்தோம். மண்ணைத் தண்ணீரில் கரைத்து, படிப்படியாக நீர்க்கவைத்து, அகாரில் விட்டு வளர்த்தோம். நிலத்து மண் போட்ட டிஷ்ஷில் பல நிறப் பூசணம் வந்தது. கறையான் வாழ்கிற அறைச் சுவரின் மண்ணில் பாக்டீரியாப் புள்ளிகள் நெருக்கமாக வந்தன, பூசண வகைகள் குறைவு. விட்டுப்போன புற்றின் மண்ணோ நிலத்து மண்ணைப் போலவே மாறியிருந்தது. மண் அதே இடத்து மண்தான். உள்ளே குடித்தனம் இருந்ததா இல்லையா என்பதுதான் வித்தியாசம். எச்சிலால் செய்கிறதா, நக்கித் துடைத்தா, மண்ணில் புதைத்தா, எது எவ்வளவு என்று எங்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதைக் கண்டுபிடிக்கிற வேலை இன்னும் மிச்சம் இருக்கிறது. புதிதாக வந்திருக்கிற நீங்கள் அதை எடுத்துக்கொள்ளலாம்.

நான் செய்த தப்பு எது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். கை அழுக்கு அல்ல. அழுக்கு என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற நினைப்பிலேயே வேலை செய்தேன். அந்த நினைப்பு முன்னால் நின்றதால், கையில் இருந்த கூட்டை நான் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பேன், இத்தனை கறையான் இதன்மேல் என்ன செய்கிறது என்று. நம்மைப் பற்றி யார் என்ன நினைப்பார்கள் என்பது சாம்பிளில் இல்லை. சாம்பிளில் இருப்பதை மட்டும் பாருங்கள். ஒன்றைத் துடைத்து எறிவதற்கு முன் அதற்கு அங்கே என்ன வேலை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

சொல்லாமல் விட்டது ஒன்று. அன்று நீங்கள் இருவரும் பதிவேட்டைச் சீக்கிரம் மூடிவிட்டீர்கள். நாளைக்கு வந்ததும் மறுபடி எடுங்கள். என் மூன்று வரி இருக்கும் பக்கத்தைத் திருப்பினால், அடுத்த பக்கத்தின் தொடக்கத்தில் அதே சிவப்பு மையில் நாலாவது வரி இருக்கும். கையெழுத்து சாருடையது.

"கையாண்டவர்: ரகுநாதன். பூசணம். கையாண்டவர் தவறு அல்ல; கறையான் இல்லை. முன்பக்கத்து மூன்று வரிகளுக்கும் இதுவே காரணம். கண்டறிந்தவர்: கோவிந்தம்மா."